கையெழுத்துப் போடுவதற்கு முன்: 2000-ல் வங்கிகளில் நடந்த விருப்ப ஓய்வு

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற எல்லோருக்கும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் உதவும் சமாச்சாரம். பொறுமையாகப் படியுங்கள்.

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், வெளியே அனுப்பப் போவதாக அறிவித்தது. அதிலிருந்து இங்கே எலெக்ட்ரானிக் சிட்டியில் டீக்கடை, லிஃப்ட், வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர், சேலம் பக்கம் போகிற பஸ் என்று எங்கே நின்றாலும் இதே பேச்சுதான். வங்கியில் என் மேஜைக்கு வருகிறவர்களும் வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு என்று கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி அடுத்த கேள்விக்கு வருகிறார்கள்.

"சார், நானே ராஜினாமா எழுதிக் கொடுத்தா இத்தனை மாசச் சம்பளம் தர்றதா சொல்றாங்க. வாங்கிட்டுப் போயிடலாமா, இல்ல இருந்து பாக்கலாமா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் நம்மூர்ப் பிள்ளைகள். நாற்பதைத் தொட்டவர்கள். இப்படி ஒரு நிலைமை இதுவரை யாருக்குமே வந்ததில்லை என்கிற மாதிரி ஒரு திகைப்பு அவர்கள் முகத்தில். வந்திருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், ஒரே குளிர்காலத்தில், இந்தியா முழுக்க லட்சத்துக்கு மேற்பட்ட வங்கி ஊழியர்கள் இதே கேள்வியோடு ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தார்கள். அவர்கள் போட்ட கணக்கு, பிறகு நடந்தது, கோர்ட் சொன்னது எல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். அது இந்த எலெக்ட்ரானிக் சிட்டியையும் தொட்டுக்கொண்டு போகிற கதை.

ஒரே அதிகாரி, இரண்டு வேலை

முதலில் இந்த ஊர். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1976-ல் தொடங்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த ஆர்.கே. பாலிகா, பெங்களூரை மின்னணுத் தொழிலின் தலைநகரமாக்க வேண்டும் என்று கனவு கண்டவர். 1978-ல் ஓசூர் ரோட்டில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி உருவானது. அன்றைக்கு இது ஊருக்கு வெகு வெளியே. பெயரைப் பார்த்தாலே தெரியும், மனதில் இருந்தது மின்னணுப் பொருட்கள் செய்யும் ஆலைகள். மென்பொருள் அப்போது கணக்கிலேயே இல்லை.

மென்பொருளுக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் என். விட்டல். 1990-களின் தொடக்கத்தில் மத்திய அரசின் மின்னணுத் துறைச் செயலாளராக இருந்தார். அவர் காலத்தில்தான், 1991-ல், எஸ்.டி.பி.ஐ. எனப்படும் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு வந்தது. செயற்கைக்கோள் இணைப்பு, ஏற்றுமதிக்குச் சலுகை, ஒரே இடத்தில் அனுமதி. பெங்களூரில் அது எலெக்ட்ரானிக் சிட்டியில் இடம்பிடித்தது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1981-ல் புனேயில் தொடங்கி 1983-ல் பெங்களூர் வந்திருந்த இன்ஃபோசிஸ், தொண்ணூறுகளில் இங்கே வளாகம் கட்டியது. விப்ரோவும் மற்றவர்களும் வந்தார்கள்.

இதே விட்டல்தான் 1998-ல் மத்திய ஊழல் தடுப்பு ஆணையர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் பொதுத்துறை வங்கிகளுக்கு ஒரு கெடு வைத்தார். 2001 ஜனவரி 1-க்குள் வங்கியின் வணிகத்தில் 70 சதவீதமாவது கணினிக்கு வந்துவிட வேண்டும். கையால் எழுதும் லெட்ஜரில் தில்லுமுல்லு சுலபம், கணினி வந்தால் கொஞ்சமாவது குறையும் என்பது காரணம். மென்பொருள் தொழிலுக்குக் கதவு திறந்துவிட்ட அதே ஆள், அந்த மென்பொருள் வங்கிக்குள் வரவும் கதவைத் தட்டினார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

லெட்ஜரில் இருந்து கணினிக்கு

வங்கிக்குள் கணினி ஒரே நாளில் வந்துவிடவில்லை. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் 1983-ல் ஒரு குழு போடப்பட்டது. 1984-ல் அறிக்கை வந்தது. 1988-ல் மறுபடி அவர் தலைமையிலேயே இன்னொரு குழு, 1989-ல் இரண்டாவது அறிக்கை. இன்னொரு பக்கம் ஊழியர் சங்கங்கள் வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பேச்சுவார்த்தை நடத்தின. எந்தக் கிளையில் என்ன இயந்திரம், எத்தனை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வரும். அதில் உட்காருகிறவருக்குத் தனி அலவன்ஸும் உண்டு.

இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். அன்றைக்கு அது சிரிப்பில்லை. அந்த ஒப்பந்தங்களால் கணினி மெல்ல மெல்ல வந்தது. வந்தபோது உள்ளே இருந்தவர்களுக்கு வேலை போகவில்லை. சுமார் பதினைந்து வருடம் ஒரு தலைமுறைக்கு அவகாசம் கிடைத்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்று வேலை பார்க்கிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2000 வாக்கில் நிலைமை மாறிவிட்டது. 1991-க்குப் பிறகு வந்த புதிய தனியார் வங்கிகள் ஆரம்பத்திலிருந்தே கணினியோடு வந்தன. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 1994-ல் தொடங்கியபோது இன்ஃபோசிஸின் வங்கி மென்பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. அதே மென்பொருள்தான் பிறகு வளர்ந்து ஃபினகிள் என்ற பெயரில் வந்தது. பஞ்சாப் நேஷனல் பாங்க், பாங்க் ஆஃப் பரோடா, யூனியன் பாங்க் என்று பல பொதுத்துறை வங்கிகளும் பின்னால் அதற்கு மாறின. நூறு வாடிக்கையாளருக்குத் தனியார் வங்கிக்கு எத்தனை ஆள், பொதுத்துறை வங்கிக்கு எத்தனை ஆள் என்று பத்திரிகைகள் ஒப்பிட்டு எழுத ஆரம்பித்தன. பொதுத்துறை வங்கிகளில் அப்போது இருந்தவர்கள் சுமார் 8.6 லட்சம் பேர்.

நம் ஊர் வங்கி ஒன்றின் நிலைமையும் மோசமாக இருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 1995-96-ல் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது. பலவீனமான வங்கிகளை என்ன செய்வது என்று ஆராய்ந்த எம்.எஸ். வர்மா குழு 1999-ல் அறிக்கை கொடுத்தது. அதில் இந்தியன் வங்கி, யூகோ வங்கி, யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா என்று மூன்று வங்கிகளின் பெயர் இருந்தது. அந்த வங்கிகளில் குறைந்தது கால்வாசி ஊழியர்களை விருப்ப ஓய்வில் அனுப்ப வேண்டும் என்றது குழு. இந்தியன் வங்கி மூடப்படுமா, வேறு வங்கியோடு சேர்க்கப்படுமா என்று தமிழ்நாட்டுக் கிளைகளில் பேச்சு ஓடிய காலம் அது.

திட்டம் என்ன சொன்னது

2000 ஆகஸ்ட் கடைசியில் இந்திய வங்கிகள் சங்கம் திட்டத்தை எல்லா வங்கிகளுக்கும் அனுப்பியது. 27 பொதுத்துறை வங்கிகளில் 26 வங்கிகள் அதை நடைமுறைப்படுத்தின. பெரும்பாலும் 2000 நவம்பர், டிசம்பரில் விண்ணப்பம் வாங்கி, 2001 மார்ச்சுக்குள் ஆட்களை விடுவித்தார்கள்.

தகுதி: 15 வருட சர்வீஸ், அல்லது 40 வயது முடிந்திருக்க வேண்டும். தொகை: முடித்த ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது ஓய்வு பெற இன்னும் எத்தனை மாதம் இருக்கிறதோ அத்தனை மாதச் சம்பளம். இந்த இரண்டில் எது குறைவோ அது. இதற்கு மேல் கிராஜுவிட்டி, பி.எஃப். அல்லது பென்ஷன், லீவு சம்பளம். ஓய்வு ஈட்டுத்தொகையில் 5 லட்சம் வரை வருமான வரி கிடையாது. சில வங்கிகளில் பாதி ரொக்கம், மீதி பத்திரம்.

"இரண்டில் எது குறைவோ அது". இந்த நான்கு சொற்களைச் சரியாகப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் பின்னால் வந்த வாழ்க்கையில் நிறைய வித்தியாசம்.

பி.காம். படித்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். வங்கியில் ஓய்வு வயது 60. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். எளிதாக இருக்கட்டும் என்று இருவருக்கும் மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

முதல் ஆளுக்கு வயது 57, சர்வீஸ் 33 வருடம். வருடத்துக்கு இரண்டு மாதம் என்றால் 66 மாதம் வருகிறது. ஆனால் ஓய்வுக்கு மீதி 36 மாதம்தான். எது குறைவு? 36. ஆக, அவர் இன்னும் வேலை பார்த்தால் என்ன சம்பளம் வருமோ, ஏறக்குறைய அதை வீட்டிலிருந்தபடியே மொத்தமாக வாங்கிக்கொள்கிறார். பென்ஷனும் முன்கூட்டியே தொடங்குகிறது. இவருக்கு இது லாபமான பேரம்.

இரண்டாவது ஆளுக்கு வயது 45, சர்வீஸ் 22 வருடம். கணக்குப்படி 44 மாதம். ஓய்வுக்கு மீதி 180 மாதம். எது குறைவு? 44. கையில் வருவது 6 லட்சத்து 60 ஆயிரம். அன்றைக்கு அது பெரிய தொகைதான். ஒரே செக்கில் அத்தனை பணத்தைப் பார்த்திராதவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஆனால் அவர் விட்டுக்கொடுப்பது 180 மாதச் சம்பளம், அதில் வரப்போகும் ஊதிய உயர்வுகள், பதவி உயர்வு எல்லாம். பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு இரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வாங்கிக்கொள்கிறார். பதினைந்து வருடத்துக்கு வேறு வருமானத்துக்கு ஏற்பாடு இருந்தால் மட்டுமே அவருக்கு இது கட்டும்.

ஒரே திட்டம், ஒரே விண்ணப்பம். ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். வங்கி இதை மறைக்கவில்லை, எல்லாம் சுற்றறிக்கையில் இருந்தது. ஆனால் மனுஷன் கணக்கை மட்டும் பார்த்தா முடிவெடுக்கிறான்? கணினி தெரியாது என்ற கூச்சம், தூரத்து ஊருக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயம், வங்கியே இருக்குமா என்ற சந்தேகம், பக்கத்து சீட்டுக்காரர் போகிறார் என்ற வேகம், பெண்ணுக்குக் கல்யாணம். இவை எல்லாம் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வைத்தன. கடைசியில் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். எட்டு ஒன்பது பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டி கொடுத்த அடி

போனவர்களில் பலர் போட்ட திட்டம் எளிமையானது. பணத்தை டெபாசிட்டில் போடுவது, வட்டியில் சாப்பிடுவது. 2000-ல் வங்கி டெபாசிட் வட்டி 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பி.பி.எஃப். 11 சதவீதம். வட்டி இறங்கும் என்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை. வட்டி பற்றித் தினமும் பேசுகிற வங்கிக்காரர்களே நினைக்கவில்லை.

பி.பி.எஃப். வட்டி 2001 மார்ச்சில் 9.5 ஆனது, 2002-ல் 9, 2003-ல் 8. வங்கி டெபாசிட் இன்னும் வேகமாகச் சரிந்து 2003-04 வாக்கில் 5, 5.5 என்று நின்றது. நம் 45 வயதுக்காரரின் 6.60 லட்சத்துக்குப் பத்து சதவீதத்தில் மாதம் 5,500 ரூபாய் வந்திருக்கும். 5.5 சதவீதத்தில் 3,025. மூன்றே வருடத்தில் வருமானம் பாதிக்குச் சற்றுதான் மேல். விலைவாசியோ ஏறிக்கொண்டே போனது. அரசாங்கம் மாதிரி என்று நம்பிப் பலரும் பணம் போட்டிருந்த யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.-64 திட்டத்தில் 2001 ஜூலையில் விற்பனையும் திரும்ப வாங்குவதும் நிறுத்தப்பட்டது. அதே வருடம் மார்ச்சில் பங்குச் சந்தை விழுந்திருந்தது. பணத்தோடு வெளியே வந்தவர்களுக்கு அதைவிட மோசமான வருடம் கிடைத்திருக்க முடியாது.

எல்லோரும் கஷ்டப்பட்டார்கள் என்று சொல்லவில்லை. தனியார் வங்கிகளுக்குப் போனவர்கள் உண்டு. ஊரில் நிலம், கடை என்று ஏற்கனவே ஒரு காலை ஊன்றி வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். வங்கி மென்பொருள் செய்கிற நிறுவனங்களுக்கு லெட்ஜரும் கடன் விதிகளும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படி எழுதுகோலை வைத்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வந்து, எந்தக் கணினிக்குப் பயந்தார்களோ அதற்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். இவர்களிடம் பொதுவாக ஒன்றைப் பார்க்கலாம். அடுத்து என்ன செய்வது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் விண்ணப்பத்தை எழுதினார்கள்.

"கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது"

இனி வருவதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

விண்ணப்பம் கொடுத்த சிலர், வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மனம் மாறினார்கள். வங்கி இன்னும் ஏற்றுக்கொள்ளாத நிலையிலேயே "என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தார்கள். வங்கிகள் முடியாது என்றன. திட்டத்திலேயே ஒரு விதி இருந்தது: ஒருமுறை விண்ணப்பித்தால் திரும்பப் பெற முடியாது. அதைக் காட்டி அவர்களை விடுவித்தும்விட்டன. ஆட்கள் பல ஹைகோர்ட்டுகளுக்குப் போனார்கள். ஒவ்வொரு கோர்ட்டிலும் ஒவ்வொரு மாதிரி தீர்ப்பு. கடைசியில் எல்லாம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2002 டிசம்பர் 17-ம் தேதி தீர்ப்பு வந்தது.

கோர்ட் எடுத்துக்கொண்டது 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். பி.காம். இரண்டாம் வருடத்தில் மனப்பாடம் செய்கிற அதே 5-ம் பிரிவு! ஒருவர் முன்வைக்கும் முனைவை, எதிர்த்தரப்பின் ஏற்பு அவருக்கு எதிராக முழுமையாகும் முன் எப்போது வேண்டுமானாலும் அவர் திரும்பப் பெறலாம் என்பது அதன் சாரம். கேள்வி என்னவென்றால், இங்கே முனைவு யாருடையது?

வங்கி சொன்னது, திட்டமே எங்கள் முனைவு, விண்ணப்பம் கொடுத்ததும் ஒப்பந்தம் முடிந்தது என்று. கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. யார் விண்ணப்பத்தை ஏற்பது, யாருடையதை நிராகரிப்பது என்ற முழு உரிமையையும் வங்கி தன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே திட்டம் வெறும் அழைப்புதான், கடை வாசலில் தொங்கும் விலைப்பலகை மாதிரி. ஊழியரின் விண்ணப்பம்தான் முனைவு. வங்கி ஏற்கும் வரை அது அவருடையது. திரும்பப் பெறக் கூடாது என்ற விதிக்கு ஈடாக வங்கி எதையும் தரவில்லை, எனவே அது கட்டுப்படுத்தாது. ஏற்புக்கு முன்னால் திரும்பப் பெற்றவர்கள் ஜெயித்தார்கள்.

ஆனால் இரண்டு முடிச்சுகள் உண்டு. ஒன்று, பணம் வந்ததும் எடுத்துப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. காசையும் வாங்கிக்கொண்டு வேலையையும் கேட்க முடியாது. இரண்டு, ஸ்டேட் வங்கியின் திட்டம் வேறு மாதிரி இருந்தது. திரும்பப் பெற ஒரு கடைசித் தேதியை அதுவே கொடுத்திருந்தது. அங்கே வங்கி ஜெயித்தது. ஒரே மாதிரி மனம் மாறியவர்கள், ஆனால் முடிவைத் தீர்மானித்தது காகிதத்தில் இருந்த வாசகமும் தேதியும்.

பென்ஷனிலும் ஒரு சண்டை நடந்தது. 20 வருடம் சர்வீஸ் முடித்து விருப்ப ஓய்வு பெறுகிறவருக்குப் பென்ஷன் கணக்கில் ஐந்து வருடம் கூட்டிக் கொடுக்கும் விதி இருந்தது. இந்தத் திட்டத்தில் போனவர்களுக்கு அது பொருந்தாது என்றன வங்கிகள். பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2009 மார்ச்சில். இடையில் எட்டு வருடம் போய்விட்டது. 57 வயதில் போனவருக்கு அப்போது 65 வயது. தீர்ப்பு வந்தது சரி, அதைப் பார்க்க எத்தனை பேர் இருந்தார்களோ.

இருந்தவர்கள்

நான் வங்கிக்கு வந்தது இதெல்லாம் முடிந்த பிறகு. வந்தபோது காலி நாற்காலிகள்தான் வரவேற்றன. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அனுபவசாலிகள் ஒரே நேரத்தில் போனதால், பழைய கடன் ஃபைலை விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. கோர் பாங்கிங் மாற்றம் நடந்த மாதங்களில் ராத்திரி பதினோரு மணிக்கு முன் வீட்டுக்குப் போன நாள் குறைவு என்று மூத்தவர்கள் சொல்வார்கள். லெட்ஜரில் முத்து முத்தாக எழுதிய கைகள் ஒற்றை விரலால் விசைப்பலகையைத் தட்டித் தட்டிப் பழகின. பழகிவிட்டன என்பதுதான் விஷயம். ஐம்பது வயதில் கணினி கற்றுக்கொள்ள முடியாது என்பது பொய் என்று ஒரு தலைமுறையே காட்டிவிட்டது.

மேலே இருந்தவர்கள் போனதால், இருந்தவர்களில் பலருக்குப் பதவி உயர்வு விரைவாகவே வந்தது. பிறகு வங்கிகளுக்கு ஆள் போதாமல் மறுபடி பெரிய அளவில் எடுக்க ஆரம்பித்தார்கள். 2011-ல் ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வே வந்தது. ஆட்கள் அதிகம் என்று ஒரு லட்சம் பேரை அனுப்பிப் பத்து வருடத்தில், ஆட்கள் வேண்டும் என்று விளம்பரம்!

மூடப்படும் என்று பேசப்பட்ட இந்தியன் வங்கி என்ன ஆனது? 2000-ல் ரஞ்சனா குமார் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2001-02-லேயே வங்கி லாபத்துக்குத் திரும்பியது. 2007 பிப்ரவரியில் 91 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைக்கப்பட்டது. அது காணாமல் போகும் என்று பயந்து போனவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இப்படித் திரும்பாத நிறுவனங்களும் ஏராளம், அதையும் மறக்கக் கூடாது. நிறுவனத்தின் எதிர்காலம் நம்மால் கணிக்க முடியாத ஒன்று. நம் கையில் வருகிற தொகை, நம் செலவு, காகிதத்தில் உள்ள வாசகம், இவை மூன்றும் நம்மால் படிக்க முடிந்தவை.

இன்றைக்கு இங்கே

என் மேஜைக்கு எதிரே உட்காருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இந்தப் பழைய கதையிலிருந்து எடுத்ததுதான்.

தம்பி, முதலில் மாதங்களை எண்ணு. எத்தனை லட்சம் தருகிறார்கள் என்று பார்க்காதே, எத்தனை மாதச் சம்பளம் என்று பார். அதே சம்பளத்தில் அடுத்த வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று உன் துறையில் இருக்கிற நாலு பேரிடம் கேள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வீட்டில் காட்டு. ஊரில் இருக்கிற அப்பா அம்மாவிடமும் மறைக்காதே.

கையில் வரும் பணத்தை அப்படியே வீட்டுக் கடனில் கொட்டிவிடாதே. (வங்கிக்காரன் சுயநலத்தில் சொல்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை!) கடனில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது. ஒரு வருடத்துத் தவணையும் வீட்டுச் செலவும் தனியாக எடுத்து வை. அதிக வட்டி போகிற கிரெடிட் கார்டு, தனிநபர் கடனை முதலில் முடி. தவணை தட்டும் என்று தெரிந்தால், தட்டுவதற்கு முன்பே கிளைக்கு வந்து பேசு. முன்னால் வந்தால் எங்களால் செய்ய முடிகிற உதவி, மூன்று தவணை தட்டிய பிறகு வந்தால் முடியாது.

மூன்றாவது, அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. ஒரு அறையில் உட்கார வைத்து "இப்பவே எழுதிக் கொடுங்க" என்றால், எழுத்தில் கொடுங்கள், படித்துவிட்டு நாளை வருகிறேன் என்று சொல். வாய்ச்சொல்லில் தருவதாகச் சொன்ன எல்லாமும் காகிதத்தில் இருக்கிறதா பார். ராஜினாமாவுக்கும் வேலை நீக்கத்துக்கும் சட்டத்தில் வேறு வேறு உரிமைகள். உன் கையாலேயே ராஜினாமா எழுதிவிட்டால் சில கதவுகள் மூடிவிடும்.

எழுதிவிட்டு மனம் மாறினால்? ஏற்புக் கடிதம் வருவதற்கு முன் எழுத்தில் திரும்பப் பெறு, தேதியோடு, நகலோடு. 2024 செப்டம்பரில் கூட, கொங்கன் ரயில்வேயில் 23 வருடம் வேலை பார்த்த ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதையே சொன்னது. ராஜினாமாவை ஏற்றதாக நிர்வாகம் உள்ளுக்குள் எழுதி வைத்துக்கொண்டால் போதாது, அது ஊழியருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி, அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. ஆனால் இவை பொதுத்துறை நிறுவனங்களின் வழக்குகள். தனியார் நிறுவனத்தில், அதுவும் மேலாளர் நிலையில் இருப்பவருக்கு, மறுபடி வேலை கிடைப்பது கடினம், நஷ்டஈடுதான் பெரும்பாலும் பேச்சு. ஆகவே தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடு. அந்த ஃபீஸ் வீண் போகாது.

கடைசியாக ஒன்று. பொதுத்துறை வங்கி ஊழியர்களுக்குப் பின்னால் சங்கம் இருந்தது, பென்ஷன் இருந்தது, பதினைந்து வருட அவகாசமும் இருந்தது. அப்படியும் தடுமாறினார்கள். இந்த மூன்றும் இல்லாமல் இங்கே வேலை பார்க்கிறவர்கள் பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயத்தோடேயே உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் மாதங்களை எண்ணுங்கள். வீட்டில் இருக்கிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். ஏற்புக் கடிதம் வரும் வரைக்கும் அந்த முடிவு உங்களுடையது.